விடைக்கோழி முட்டையிடும் பருவமும் அதற்கு வேண்டுவனவும்

புழக்கடையில் கோழி வளர்க்கும் குடும்பத்தார் கால்நடைத் துறை ஊழியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குஞ்சு பொரித்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு முட்டைகூட இடவில்லை. இதை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?" என்பதே அது. கேள்வி சிறிதாயினும், அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அக்குடும்பத்தின் ஓராண்டு முட்டை வரவு அமைகிறது. ஆறாம் மாதத்தில் கோழியை விற்பவர், அதுவரை தீவனமும் உழைப்பும் செலவிட்டுவிட்டு, பலன் தொடங்கும் வேளையில் அதைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். நம் நாட்டுக் கிராமங்களில் இக்கோழிகளைப் பேணுபவர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பிறரைக் கேளாமல் செலவிடக்கூடிய சிறு பணமும், அவர்களுடைய குழந்தைகள் உண்ணும் முட்டையும் இக்கோழிகளிடமிருந்தே கிடைக்கின்றன. ஆகவே களப் பணியாளரும் ஆசிரியரும் இக்கேள்விக்குத் தெளிவான பதில் அளிக்க வல்லவராய் இருத்தல் வேண்டும்.

முட்டையிடும் பருவத்தை மாதக் கணக்கைக் கொண்டு மட்டும் கூறிவிட இயலாது. கோழியின் இனம், அதன் உடல் வளர்ச்சி, அது பெறும் பகலொளி ஆகிய மூன்றும் கூடியே அதனை நிர்ணயிக்கின்றன. பருவம் நெருங்கியதைக் கோழியின் உடலே அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைப் படிக்கும் முறையும், அந்நாளில் கோழிக்கு வேண்டுவனவும் இங்கே விளக்கப்படுகின்றன.

இனமும் வயதும்

முட்டையிடும் வயதை எட்டும் தறுவாயில் உள்ள இளம் பெட்டையை விடைக்கோழி என்கிறோம். முட்டைக்கெனவே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட ஒயிட் லெகார்ன் வகைகள், பண்ணையில் முழுத் தீவனம் பெற்று வளர்ந்தால், 18 முதல் 20 வாரங்களில் முதல் முட்டையை இடுகின்றன. அவற்றின் கலப்பினங்கள் ஆண்டுக்கு 300 முட்டை அளவில் தரவல்லவை. நாட்டினங்களின் இயல்பு வேறு. அசீல், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தைச் சார்ந்த கடக்நாத் முதலிய இனங்கள் ஏறத்தாழ ஆறு முதல் ஏழு மாதங்களில் முட்டையிடத் தொடங்குகின்றன. மேய்ச்சலையே பெரிதும் நம்பி வாழும் கோழி, எட்டாம் மாதம் வரை தாமதிப்பதும் வியப்பன்று.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவையாகப் புழக்கடை வளர்ப்பிற்கென்றே சில வகைகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் வனராஜா, கிராமப்பிரியா என்னும் வகைகளை வழங்கியுள்ளது. உத்தரப் பிரதேசத்தில் இஜ்ஜத்நகரில் 1979-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் நிர்பீக், சியாமா போன்றவற்றை அளித்துள்ளது. வனராஜா ஏறத்தாழ ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கி, புழக்கடை நிலையில் ஆண்டுக்குச் சுமார் 100 முதல் 110 முட்டைகள் தருகிறது. கிராமப்பிரியா சற்று முன்னதாகத் தொடங்கி, அதனினும் மிகுதியாக இடுகிறது.

ஆதலின், "ஆறு மாதம் ஆகிவிட்டது" என்று ஒருவர் முறையிடும்போது ஊழியர் முதலிற் கேட்க வேண்டியது கோழியின் இனம் யாது என்பதே. லெகார்னுக்கு ஆறு மாதம் தாமதம்; நாட்டுக்கோழிக்கு அதுவே தொடக்கம்.

முட்டை உருவாகும் விதம்

பெட்டைக் குஞ்சின் கருவில் இரண்டு சூலகங்கள் தோன்றினும், பெரும்பாலும் இடப்பக்கத்துச் சூலகம் ஒன்றே வளர்ந்து வேலை செய்கிறது. பருவம் வரும்போது, ஈரலில் உண்டாகும் மஞ்சட்கருப் பொருள்கள் இரத்தத்தின் வழியே சூலகத்தை அடைகின்றன. ஒரு மஞ்சட்கரு முழு அளவை எட்ட ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. முதிர்ந்த மஞ்சட்கரு சூலகத்தை விட்டு நீங்கி முட்டைக் குழலின் வாயில் விழுகிறது. அங்கிருந்து செல்லும் வழியில் சுமார் மூன்று மணி நேரத்தில் வெண்கருவும், அடுத்து ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலான காலத்தில் ஓட்டின் உட்புறச் சவ்வுகளும் அதைச் சூழ்கின்றன. இறுதியில் ஓடு படிவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது.

இவ்வாறு ஒரு முட்டை உருவாக மொத்தம் 24 முதல் 26 மணி நேரம் வேண்டும். இதனால் கோழி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளினும் சற்றுத் தாமதித்தே முட்டையிடுகிறது. நேரம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனதும் ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி காலையில் தொடங்குகிறது. நாள்தோறும் முட்டை கிடைக்கவில்லை என்பது நோய்க்கு அடையாளம் ஆகாது.

இங்கே மற்றொரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. முட்டை குஞ்சாவதற்கே சேவல் தேவை. விற்பனைக்கும் வீட்டுக்கும் முட்டை போதுமென்போர் சேவலின்றியே கோழி வளர்க்கலாம்.

பகலொளியின் பங்கு

கோழியின் மூளை ஒளியைக் கண்ணின் வழியே மட்டுமன்றி, மெல்லிய மண்டையோட்டை ஊடுருவி வரும் கதிர்களாலும் உணர்கிறது. பகல் நீளும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, அதன் சுரப்புகள் சூலகத்தை இயக்குகின்றன. முட்டை உற்பத்தி சிறக்க நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி உகந்தது.

நம் நாடு தெற்கு வடக்காக நீண்டிருத்தலால் இதன் விளைவு எல்லாப் பகுதிகளிலும் ஒன்றாக இராது. கன்னியாகுமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்தை எட்டுவதில்லை. டில்லியில் பகல் டிசம்பரில் பத்தேகால் மணி அளவிலும், ஜூனில் பதினான்கு மணி அளவிலும் உள்ளது. ஸ்ரீநகரில் டிசம்பர்ப் பகல் பத்து மணியினும் குறைவு. எனவே காஷ்மீரத்தில் மே மாதம் பொரித்த குஞ்சு, ஆறாம் மாதத்தை எட்டும் நவம்பரில் முட்டையிடாது நின்று, பகல் நீளத் தொடங்கிய பின்னரே இடக்கூடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொரித்த குஞ்சோ இலையுதிர் காலத்திற்கு முன்பே பருவத்தை எட்டிவிடும். வட மாநிலங்களில் பணிபுரிவோர் குஞ்சு பொரித்த மாதத்தையும் கேட்டறிதல் நலம்.

மின்வசதி உள்ள இடத்தில் குளிர்காலத்து அதிகாலையில் கூட்டில் சிறு விளக்கு ஏற்றிப் பகலை நீட்டலாம். ஆனால் அதனை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். வளரும் இளங்கோழிக்கு இவ்வாறு ஒளியை மிகுத்தலாகாது. உடல் முதிருமுன் முட்டையிடத் தூண்டப்பட்ட கோழி சிறு முட்டைகளையே இடும். குடல்வாய் வெளித்தள்ளி இறக்கவும் நேரிடும்.

பருவம் நெருங்கியதன் அடையாளங்கள்

1. வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடியும் பெருத்துச் செந்நிறம் கொள்ளும். கடக்நாத் போன்ற கருநிற இனங்களில் நிறத்தைக் காட்டிலும் கொண்டையின் வளர்ச்சியையே கவனிக்க வேண்டும்.

2. கோழியின் முதுகின்மேல் கையைக் கொண்டுசென்றால் அது சிறகைச் சற்று விரித்துப் பதுங்கி அமரும்.

3. வைக்கோல் குவியல், கூடை, மூலை ஆகியவற்றை ஆராய்ந்து திரியும், ஒருவிதமாகக் கொக்கரிக்கும்.

4. எருவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளைத் தொட்டுப் பார்த்தால், பருவமடையாத கோழியில் அவற்றினிடையே ஒரு விரலே நுழையும். முட்டையிடும் கோழியில் இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையும். எருவாயும் அகன்று ஈரமாக இருக்கும்.

நான்காவது சோதனையே மிகவும் நம்பத்தக்கது. இதனை ஊழியர் தாமே செய்து காட்டுவதோடு, வீட்டுப் பெண்மணியின் விரலையும் வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். ஒருமுறை பழகியவர் பின்னர் ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.

தொடக்கத்து முட்டைகள் சிறியனவாக இருக்கும். சிலவற்றில் ஓடு மென்மையாகவும், சிலவற்றில் இரண்டு மஞ்சட்கருக்களும் காணப்படலாம். சில வாரங்களில் இவை தாமே சீர்ப்படும்.

தீவனமும் நீரும்

முட்டையிடும் பண்ணைக் கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் வேண்டும். புழக்கடைக் கோழி புழு, பூச்சி, கரையான், புல்விதை, சிந்திய தானியம் ஆகியவற்றால் இதில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்கிறது. எஞ்சியதைக் குடும்பத்தார் அளித்தாக வேண்டும். மேய்ச்சலின் வளத்திற்கேற்பக் கோழி ஒன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை காலையும் மாலையுமாகப் பிரித்து இடுதல் நன்று. கோடையில் மண் வறண்டு பூச்சிகள் குறையும்போது அளவை உயர்த்த வேண்டும்.

வெறும் அரிசிக் குருணை வயிற்றை நிரப்புமேயன்றி முட்டைக்குப் போதாது. முட்டைக்குப் புரதம் இன்றியமையாதது. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் அது 16 முதல் 18 சதவீதம் வரை இருத்தல் வேண்டும். வீட்டிலேயே கலந்துகொள்ள விரும்புவோர், பத்துப் பங்கில் ஐந்து பங்கு உடைத்த சோளம், கம்பு அல்லது குருணை, மூன்று பங்கு தவிடு, இரண்டு பங்கு கடலைப் பிண்ணாக்கு என்ற அளவைக் கொள்ளலாம். உப்பிடாத கருவாட்டுத் தூள் கிடைத்தால் பிண்ணாக்கில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம்; உப்பிட்ட கருவாடு தீங்கு செய்யும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் தானியத்தையும் ஒருபோதும் இடலாகாது. அவற்றிலுள்ள அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுத்து முட்டையைக் குறைக்கும்.

தீவனம் குறைவது போலவே மிகுவதும் கேடே. வனராஜா போன்ற கனத்த வகைகள் வளரும் பருவத்தில் அளவின்றி உண்டால் கொழுப்பேறி முட்டை குறையும். மாதம் ஒருமுறை விடைக்கோழியை எடையிட்டு, எடை சீராக ஏறிவருகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

முட்டையின் உட்பொருளில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீரே. கோழி தான் உண்ணும் தீவனத்தைப்போல் இருமடங்கு எடையுள்ள நீரைப் பருகுகிறது. கோடையில் இதனினும் மிகுதி. ஒரு நாள் நீர் கிடைக்காவிடில் முட்டையிடுதல் தடைப்படும். நிழலில், கவிழாத அகன்ற மண்சட்டியில், நாள்தோறும் தூய நீர் வைத்தல் எல்லாவற்றினும் எளிதான, செலவற்ற சீர்திருத்தமாகும்.

சுண்ணாம்புச் சத்து

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் உள்ளது. இது கோழியின் உடலிலுள்ள மொத்தக் கால்சியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஓடு பெரும்பாலும் இரவில் படிவதால், உணவிலிருந்து போதிய அளவு கிடைக்காத கோழி தன் எலும்பைக் கரைத்தே ஓடு செய்கிறது. பின்னர் ஓடு மெலிகிறது, கால்கள் தளர்கின்றன.

ஆயினும் குஞ்சுப் பருவத்திலேயே சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக அளித்தல் தவறு. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம் வேண்டும். வளரும் கோழிக்கோ ஒரு சதவீத அளவே போதும். மிகுதியானது அதன் சிறுநீரகங்களைக் கெடுக்கும். எனவே கொண்டை சிவக்கத் தொடங்கிய பின், பொடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட வேண்டும். தேவையுள்ள கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். கிளிஞ்சல் கிடைக்காத உள்நாட்டில், வீட்டில் உடைத்த முட்டை ஓடுகளை வேகவைத்து உலர்த்தி, உருத்தெரியாமல் நொறுக்கி வைக்கலாம். ஓடாகவே இட்டால் கோழி முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

கூடும் முட்டையிடும் இடமும்

இரவுக் கூடு காற்றோட்டமும் வறட்சியும் உடையதாய், கீரி, பூனை முதலியன நுழையாததாய் இருத்தல் வேண்டும். கோழிகள் அமர, கோழி ஒன்றுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் இடம் உள்ளதாகக் கம்பு கட்ட வேண்டும். நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்கு ஒன்று என, சுமார் 30 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள பெட்டியோ கூடையோ வைக்கோல் பரப்பி வைக்கலாம். அது மங்கலான மூலையில், அமரும் கம்பினும் தாழ்வாக இருத்தல் நன்று. உயரத்தில் இருப்பின் கோழிகள் அதிலேயே உறங்கி எச்சமிடும். முதல் முட்டைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே இதனை அமைத்துவிட வேண்டும்.

அடையும் இறகுதிர்ப்பும்

நாட்டுக்கோழி 12 முதல் 18 முட்டைகள் வரை இட்டதும் அடை கொள்கிறது. 21 நாள் அடைகாத்து, பின்னர் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளுடன் திரிகிறது. அக்காலம் முழுவதும் முட்டையில்லை. இதனாலேயே அது ஆண்டுக்கு மூன்று நான்கு தவணைகளில் 40 முதல் 80 முட்டைகள் வரையே தருகிறது. குஞ்சு வேண்டாதபோது அடைக்கோழியைச் சில நாட்கள் அடியில் காற்றுப் புகும் கூண்டில், தீவனமும் நீரும் குறைவின்றி வைத்தால் அடை தெளியும். நீரில் அமிழ்த்துதல், இறகால் மூக்கைக் குத்துதல் போன்ற கொடிய வழக்கங்களைக் கைவிடுமாறு அறிவுறுத்த வேண்டும்.

ஆண்டிற்கொருமுறை கோழி இறகுதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் முட்டை சில வாரங்கள் நின்றுவிடும். இறகு பெரும்பாலும் புரதமேயாதலால் அப்போதும் நல்ல தீவனம் வேண்டும். முட்டை நின்றது கருதித் தீவனத்தை நிறுத்துவோர் அடுத்த தவணையை இழக்கின்றனர்.

நோய்த் தடுப்பு

இவையனைத்தையும் ஒரே வாரத்தில் வீணாக்க வல்லது வெள்ளைக் கழிச்சல் நோய். இமயமலைச் சாரலில் உள்ள ராணிகேத் நகரின் பெயரால் இது ராணிகேத் நோய் எனவும் வழங்குகிறது. இதற்கு மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வார அளவில் இறக்கையில் ஊசியும் இடுவது வழக்கம். இடைக்காலத் தவணைகளை அவ்வப்பகுதிக் கால்நடை மருத்துவமனை கூறும் முறைப்படி அளிக்க வேண்டும். மருந்து வெயிலிலும் வெப்பத்திலும் வலிமை இழப்பதால் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் இட்டால் பயன் குறைவு. தெரு முழுவதற்கும் ஒரே நாளில் இடுதல் சிறந்தது.

பல கோழிகள் திடீரென இறந்தால் அவற்றை உண்ணவோ விற்கவோ கூடாது. மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் 2006-இல் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல் பின்னர் வேறு பல மாநிலங்களிலும் தோன்றியுள்ளது. கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் கடமையாகும்.

முட்டையிடாத கோழியை ஆராயும் வரிசை

விற்பனைக்கு முன் கீழ்க்கண்டவாறு ஆராயுமாறு கூறுக. முதலில் இனத்தையும் உண்மையான வயதையும் கணக்கிடுக. அடுத்து இடுப்பெலும்புகளைத் தொட்டுப் பார்க்க. ஒரு விரலே நுழையுமாயின் கோழி இன்னும் வளர்கிறது. தீவனத்தைச் சீர்ப்படுத்திக் காத்திருக்க வேண்டும். மூன்று விரல் நுழைந்தும் முட்டை காணப்படாவிடில், கோழி புதரிலோ அண்டை வீட்டு வைக்கோற் போரிலோ இட்டு வருகிறது என்றே கொள்ளலாம். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இடுவதால், நான்கைந்து நாட்கள் காலை பத்து, பதினொரு மணி வரை கூட்டிலேயே நிறுத்தி, முட்டையிடும் கூடையில் அடையாளமிட்ட முட்டையொன்றை வைத்தால் உண்மை வெளிப்படும். அதன்பின்னும் இல்லையெனில் குடற்புழு, பேன், நீர்க்குறைவு, குறும்பகல் ஆகியவற்றை ஆராய்க. இவை யாவும் சரியாயிருந்தும் எட்டு, ஒன்பது மாதமாகியும் பருவ அடையாளமே தோன்றாத கோழியை விற்பதில் நட்டமில்லை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் முட்டையொன்றைக் காடியில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, ஓடு கரைந்து சவ்வு மட்டும் எஞ்சுவதை மாணவர்க்குக் காட்டலாம். குமிழிகள் எழுவதைக் கொண்டு ஓட்டின் இயல்பை விளக்கலாம். கோழி உள்ள வீட்டுப் பிள்ளைகள், முட்டை கிடைத்த தேதியையும் நேரத்தையும் ஒரு மாதம் குறித்து வருவார்களாயின், நேரம் தள்ளிப்போவதையும் இடைவெளி நாளையும் தாமே கண்டறிவர்.

வினாக்கள்

1. ஒரே நாளில் பொரித்த லெகார்ன் குஞ்சும் கடக்நாத் குஞ்சும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை. ஏன்?

2. கோழி நாள்தோறும் ஒரே நேரத்தில் முட்டையிட இயலாமைக்குக் காரணம் யாது?

3. கிளிஞ்சலை எப்பருவத்தில் வைக்க வேண்டும்? முன்னதாகவே மிகுதியாக அளித்தால் விளையும் தீமை என்ன?

4. உங்கள் தெருவில் முட்டையிடவில்லை என்று விற்க எண்ணப்படும் கோழி ஏதேனும் உள்ளதா? மேற்கூறிய வரிசைப்படி ஆராய்ந்து, கண்டதை எழுதுக.